வெள்ளிக்கிழமைக் கட்டம்

விடுதி முதலாளி அருமைநாயகம் ஒரு தாள் கேட்டார்,
அறைக்கதவின் உட்பக்கம் ஒட்ட.
எது எப்போது திறக்கும், எது எப்போது பூட்டும்.
ஏழு நாள், ஏழு கட்டம்.
"ஒரு மணித்தியால வேலை, பிள்ளை."

வங்கி இலகு. தபாற்கந்தோர் இலகு.
நல்லூர் மணி ஊருக்கே கைக்கடிகாரம்.
போயா நாளில் இறைச்சியும் இல்லை, சாராயமும் இல்லை.
சாராயத்தைப் பற்றி எல்லாரும் இரண்டு தரம் கேட்பார்கள்,
அதனால் இரண்டு இடத்தில் எழுதினேன்.

வெள்ளிதான் பிடிபடவில்லை.
பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம்.
கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர்
கடையைத் திறந்து வைத்துக்கொண்டே
முதல் பவுனைத் தொடமாட்டார்.
ராகு இறங்க, ஜும்ஆ ஏறும்.
சோனகத் தெருவில் கதவுகள்
ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாத்தப்படும்.
ஆக, மூன்று மணித்தியாலம் இந்த நகரத்தில்
ஒருவர் தொடங்கமாட்டார்,
மற்றவர் இருக்கமாட்டார்.
அரை அங்குலக் கட்டத்துக்குள் இதை எப்படி மடிப்பது?

அறை நான்கில் ஒரு போலந்துப் பெண்.
முதுகுப்பையின் சிப் பல்லிளித்துவிட்டது.
மூன்று மணிக்கு மன்னார் பஸ்.
கூட்டிக்கொண்டு போனேன்.
நோன்பு மாதம். தார் இளகுகிற வெயில்.
தையற்கடை சுவைர்தீன் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.
"தொழுதிட்டு வாறன். ஒண்டே முக்காலுக்கு நில்லுங்கோ."

எதிர்ப்பக்க மதில் நிழலில் நின்றோம்.
அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள்,
தெருவை ஒருமுறை பார்த்தாள்,
குடியாமல் மூடினாள்.
எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.
நான் அப்போதுதான் குடித்து முடித்திருந்தேன்.

சொன்னதற்கு ஐந்து நிமிடம் முந்தி வந்தார்.
பையை மெஷினில் போட்டார்.
நான் தாளை எடுத்தேன்.
"சும்மா நாளில ஒம்பது மணி.
நோன்பில பத்து. அசருக்குப் பூட்டிடுவன்.
தராவீஹ் முடிஞ்சு திறந்தா,
பெருநாள் உடுப்புகளோட சாமம்தான்."
பெருநாள் லீவு எண்டைக்கு?
"புதனோ வியாழனோ. பிறை சொல்லும்."
தாள் இண்டைக்கு ஒட்டவேணும், அண்ணை.
"அப்ப பென்சிலால எழுதுங்கோ."

அவள் பெயர்ப்பலகையைக் காட்டினாள்: 1958.
அன்றிலிருந்து திறந்தே இருக்கிறதா, கேட்டுச் சொல் என்றாள்.
கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

அவர் ஊசியில் நூல் கோத்தபடி,
"வாப்பா துவங்கினது. இடையில ஒரு நீட்டு லீவு" என்றார்.
"தொண்ணூறாம் ஆண்டு, ஒக்டோபர்.
முன்னறிவித்தல் தந்தவைதான்.
ரெண்டு மணித்தியாலம்."
பிறகு மெஷின்தான் பேசியது.

லீவு என்ற சொல்லுக்கு அவளுடைய ஆங்கிலத்தில்
போய்விடு என்றும் ஒரு பொருள் உண்டு.
அது அப்போதுதான் எனக்குத் தைத்தது.
அந்த வருடம் எனக்கு ஏழு வயது.
இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு.
அன்று எங்கள் கதவும் பூட்டித்தான் இருந்தது,
உள்ளே ஆட்கள் இருக்க.

என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள்.
இடையில் நீண்ட விடுமுறை என்றேன்.
எங்கள் நாட்டிலும் ஓகஸ்டில் அப்படித்தான்,
எல்லாரும் கடலுக்குப் போய்விடுவார்கள் என்று சிரித்தாள்.
சுவைர்தீனும் சிரித்தார், ஆங்கிலம் விளங்கியோ விளங்காமலோ.
நூற்றைம்பது ரூபாய் எடுத்தார்.
சிப்பை மூன்று தரம் ஓட்டிக் காட்டினார்:
திறந்து, பூட்டி,
திறந்து.

மன்னார் பஸ் பத்து நிமிடம் பிந்திப் போனது.

மாலையில் தாள் ஒட்டினேன்.
அருமைநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"வெள்ளி மட்டும் ஏன் பென்சில்?
அழிஞ்சு போகுமெல்லோ. பேனையால எழுது, பிள்ளை."

பிறை இன்னும் காணவில்லை என்றேன்.